சோப்புத் தண்ணீர் மட்டும்

தினேஷ்,

இதை நின்றுகொண்டே படிக்காதே. பெட்டி அடுக்குவதை அப்படியே போட்டுவிட்டு ஓரிடத்தில் உட்கார். நைனாவுக்கு இத்தனை பக்கம் எழுத வருமா என்று உனக்கு ஆச்சரியமாக இருக்கும், எனக்கும்தான். நேரில் சொல்லிவிடலாம் என்று இந்த இரண்டு வருடத்தில் எத்தனையோ தடவை வாயைத் திறந்திருக்கிறேன். என் சுபாவம் உனக்குத் தெரியும். பேச ஆரம்பிப்பேன், பாதியில் எனக்கே உறைக்கும், உடனே குரலை உயர்த்துவேன், கடைசியில் தப்பெல்லாம் உன்மேல்தான் என்பது போல முடித்துவிட்டு சட்டையை மாட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போய்விடுவேன். காகிதத்தில் கத்த முடியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை உன்னை வழியனுப்ப செய்யூரிலிருந்து அத்தை வந்திருந்தாளே, அன்றைக்குச் சாப்பாட்டு நேரத்தில் நடந்தது உனக்கு ஞாபகம்கூட இருக்காது. "மஸ்கட்ல இன்னா வேல கண்ணு?" என்று அவள் கேட்டாள். கிடங்கில் உதிரி பாகம் எடுத்துக் கொடுக்கிற வேலை என்று சொன்னாய். அவள் விடவில்லை. "லேத்துல அழகழகா ரேசரு கைப்பிடி செஞ்சிகினு இருந்தியே, அது இன்னாடா ஆச்சி?" என்றாள். நீ சிரித்துக்கொண்டே, "அதுக்குக் கை வரணும் அத்த. எனக்கு வரல, வுட்டுட்டேன்" என்றாய். வருத்தப்பட்டுச் சொல்லியிருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன். உன் உயரம் இவ்வளவு, உன் ரத்த வகை இது என்று சொல்வதைப் போல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாய். எனக்குக் கையில் எடுத்த சோறு வாய்க்குப் போகவில்லை. மீன் முள் குத்திவிட்டது என்று சொல்லி எழுந்து போனேன். முள்ளும் இல்லை, ஒன்றும் இல்லை.

உனக்குக் கை வந்தது தினேஷ். என்னைவிட நன்றாக வந்தது. அந்த முப்பது கைப்பிடிகளும் கெட்டுப்போனது என்னால். அதை நான் தெரிந்தே மறைத்தேன். சொல்ல வேண்டியது இவ்வளவுதான். ஆனால் இவ்வளவு மட்டும் சொல்லிவிட்டு நிறுத்தினால் ஏதோ கை தவறிக் கண்ணாடி டம்ளரைப் போட்டு உடைத்தவனைப் போல ஆகிவிடும். நான் செய்தது அது இல்லை. அதனால் முழுவதையும் சொல்கிறேன், பொறுமையாகப் படி.

நான் முப்பத்திரண்டு வருடம் டர்னராக இருந்தவன். பம்பு ஷாப்டு, புல்லி, புஷ் என்று இரும்பைத் தவிர வேறு எதையும் லேத்தில் பூட்டியதில்லை. நம் குடும்பத்தில் அடுத்தவன் வயலில் குனியாமல் நிமிர்ந்து நின்று சம்பளம் வாங்கிய முதல் ஆள் நான்தான். அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே உண்டு. மறைமலைநகர் கம்பெனியில் உன் ஒப்பந்தம் முடிந்து வீட்டுக்கு வந்தவன், மேசை மேல் வைக்கிற சின்ன லேத் ஒன்றைப் பழையதாக வாங்கி வந்து பின்பக்கக் கொட்டகையில் வைத்தாய். என் கண்ணுக்கு அது பொம்மை. எதற்கு என்று கேட்டபோது அக்ரிலிக் என்கிற கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் ராடில் ரேசருக்குக் கைப்பிடி கடையப் போவதாகச் சொன்னாய். "சவரக் கத்திக்கு பிடி போடறதுக்காடா டிப்ளமா படிச்ச?" என்று கேட்டேன். அதைக் கேட்டபோது என் மனசில் இருந்தது பொம்மை லேத் மட்டும் இல்லை. சவரம் என்றாலே ஒரு மாதிரி சிரிக்கிற ஊர் நம் ஊர். நாளைக்கு யாராவது என் காதுபட எதையாவது சொல்லிவிடுவார்களோ என்று கூசினேன். நம்மை எத்தனை பேர் என்னென்ன சொல்லியிருக்கிறார்கள், அதில் பாதியைக் கேட்டு வளர்ந்தவன் நான், எனக்கே அந்தப் புத்தி. இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

முதல் கைப்பிடியைச் செய்து கொண்டுவந்து என்னிடம்தான் கொடுத்தாய். தேன் நிறத்தில் இருந்தது. நான் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து, "வெயிட்டே இல்லியே" என்று திருப்பிக் கொடுத்தேன். நீ கோபப்படவில்லை. அடுத்ததில் உள்ளே பித்தளைத் தண்டு கோத்து கனமாக்கி எடுத்து வந்தாய். சொல்வதற்குக் குறை கிடைக்கவில்லை, அதனால் வாயை மூடிக்கொண்டேன். பாராட்ட வேண்டும் என்று தோன்றவே இல்லை பார்.

ஆனால் நீ வேலை செய்வதை நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பேன். அது உனக்குத் தெரியாது. இரும்பை மிரட்டலாம், அதற்குச் சூடு தெரியாது. அக்ரிலிக் அப்படி இல்லை, டூல் கொஞ்சம் மழுங்கினாலும் இளகி ஒட்டிக்கொள்ளும், அவசரப்பட்டால் ஓரம் பிய்ந்துவிடும். நீ டூலைக் கண்ணாடி போலத் தீட்டி வைத்துக்கொண்டு, மெல்ல மெல்ல உள்ளே விடுவாய். சுருள் அறுந்து விழாமல் நூல் மாதிரி நீளமாக வரும். அப்புறம் வாட்டர் பேப்பரை நனைத்து, சொரசொரப்பில் ஆரம்பித்து வழுவழுப்புவரை ஒவ்வொன்றாக. ஒரு கீறல் கண்ணில் பட்டால் முதல் பேப்பருக்கே திரும்பிப் போவாய். எனக்கு அந்தப் பொறுமை ஒரு நாளும் இருந்ததில்லை. கடைசியில் துணிச் சக்கரத்தில் பாலிஷ் போட்டு எடுத்ததும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பாயே, அந்த நேரத்தில் எனக்கு வயிறு எரியும். பெற்ற பிள்ளையைப் பார்த்து வயிறு எரிந்தது என்று எழுதுகிறேன். எழுதித்தான் ஆக வேண்டும்.

அப்புறம் கோவளத்திலிருந்து சூசை வந்தான். அலைச்சறுக்குப் பலகைகளுக்கு ஒட்டுப் போட்டுச் சரிசெய்து கொடுக்கிறவன், வெளிநாட்டு ஆட்களோடு பழக்கம் உள்ளவன். மாமல்லபுரத்துக் கடையில் நீ வைத்திருந்த கைப்பிடி ஒன்றைப் பார்த்துவிட்டு ஒரு வெள்ளைக்காரர் விசாரித்தார் என்று நம் வீடு தேடி வந்தான். அவருக்கு அவர் ஊரில் சவரச் சாமான் கடை. முப்பது கைப்பிடி வேண்டும், எல்லாம் ஒரே மாதிரி, கடல் நீலத்தில் வெள்ளை ஓட வேண்டும் என்றார். பிடித்திருந்தால் மாதா மாதம் வாங்குவதாகவும் சொல்லியிருந்தார். சூசை போன பிறகு நீ கொட்டகைக்குள் போய்த் தனியாக நின்று சிரித்துக்கொண்டிருந்ததை உன் அம்மா பார்த்துவிட்டு வந்து என்னிடம் சொன்னாள். ஒரு மாதம் நீ வேறு நினைப்பே இல்லாமல் இருந்தாய். சாப்பிட உட்கார்ந்தாலும் உன் விரல் நகத்தில் வெள்ளைப் பாலிஷ் இருக்கும்.

அந்த நாளைச் சொல்கிறேன். முப்பதும் முடிந்து துண்டு விரித்து அதன்மேல் வரிசையாகப் படுத்திருந்தன. கழுவித் துடைப்பது மட்டும்தான் பாக்கி. நீ அட்டைப்பெட்டி வாங்க செங்கல்பட்டுக்குப் பஸ் ஏறினாய். எனக்கு அன்றைக்கு வார விடுமுறை. சாப்பிட்டுவிட்டு மதியம் கொட்டகைக்குள் போனேன். கை வழுக்காமல் இருக்கக் கைப்பிடிகளில் நீ கடைந்திருந்த வரிப்பள்ளத்தில் எல்லாம் பாலிஷ் பசை வெள்ளையாக அடைத்துக்கொண்டிருந்தது, வெற்றிலை போடுகிறவன் பல் இடுக்கில் சுண்ணாம்பு நிற்குமே, அந்த மாதிரி. சுவரில் நீ ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருந்தாய்: சோப்புத் தண்ணீர் மட்டும். பக்கத்தில் பழைய பல்துலக்கும் பிரஷ், ஒரு கிண்ணம். தாளை நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்று மட்டும் சொல்ல மாட்டேன். நின்று வாசித்து, சிரிக்கவும் சிரித்தேன். பிரஷ்ஷை வைத்துக்கொண்டு குழந்தைக்குப் பல் தேய்ப்பது போல முப்பதையும் தேய்ப்பானாம் என்று நினைத்தேன். எங்கள் கம்பெனியில் ஷாப்டு முடிந்ததும் காட்டன் வேஸ்ட்டை, பெயிண்ட் கரைக்கிற தின்னரில் கொஞ்சம் நனைத்து ஓர் இழுப்பு இழுப்போம். எண்ணெய், அழுக்கு, பசை எல்லாம் போய்ப் பளிச்சென்று ஆகிவிடும். முப்பத்திரண்டு வருடம் அப்படித்தான் ஒவ்வொரு உருப்படியையும் அனுப்பினேன். பரணில் தின்னர் டப்பா இருந்தது. எடுத்தேன்.

ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. ஒவ்வொன்றையும் துடைக்கத் துடைக்கப் பள்ளத்திலிருந்த வெள்ளை காணாமல் போய், நீலம் அப்படியே ஈரம் மாதிரி மின்னியது. உதவி செய்யத்தான் தொட்டேன் என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உதவி செய்கிறவன் தாளில் எழுதியிருந்தபடி சோப்புத் தண்ணீரில் கழுவியிருப்பான். எனக்கு வேண்டியிருந்தது வேறு. அந்த முப்பதும் என் கையால் முடிந்ததாக இருக்க வேண்டும். கடைசிப் பளபளப்பு நைனாவுடையது என்று யாராவது சொல்ல வேண்டும்.

நீயே சொன்னாய். பெட்டிகளோடு வந்தவன் துண்டைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாய். "நைனா, நீயா கழுவுன?"

"பின்ன யாரு, உங்கம்மாவா? எல்லாம் கழுவியாச்சி."

"சூப்பரா கீது நைனா. நான் செஞ்சிருந்தா கூட இப்டி வந்திருக்காது."

இந்த ஒரு வார்த்தைக்காக நான் அன்று சாயங்காலம் முழுக்கத் தெருவில் நிமிர்ந்து நடந்தேன். நீ ஒவ்வொன்றையும் வெண்ணெய்க் காகிதத்தில் சுற்றிப் பெட்டியில் வைத்தாய். தின்னர் வாடை காற்றிலே போயிருந்தது. என் தோள் துண்டில் மட்டும் இருந்தது, உன் அம்மா அதைத் துவைக்கப் போடும்போது முகத்தைச் சுளித்தாள்.

மூன்று வாரம் கழித்து சூசை போனில் படங்களை அனுப்பினான். பழைய பீங்கான் தட்டில் ஓடும் கோடுகளைப் போல ஒவ்வொரு கைப்பிடிக்குள்ளும் மயிர் மயிராக வெடிப்பு. ஒன்று, ரேசர் தலையைத் திருகும்போது மரை அருகில் இரண்டாக உடைந்தே போயிருந்தது. படத்தைப் பார்த்ததுமே எனக்கு அந்தத் தின்னர் டப்பாதான் ஞாபகம் வந்தது. காரணம் அப்போது நிச்சயமாகத் தெரியாது, சந்தேகம் மட்டும்தான். நீ அழவில்லை, கத்தவில்லை. கொட்டகையிலிருந்த சாமான் அத்தனையையும் வெளியே கொண்டுவந்து சாக்கில் பரப்பி வைத்துவிட்டு ஒவ்வொன்றாக யோசித்தாய். டூல், டிரில், பாலிஷ் கட்டி, சோப்பு. சோப்பை மாற்றினாயா என்று அம்மாவைக் கேட்டாய். பிறகு என்னிடம் வந்தாய். நான் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படிப்பது போல இருந்தேன்.

"நைனா, சோப்புத் தண்ணியிலதான கழுவுன? தின்னரு, பெட்ரோலு, அந்த மாதிரி எதுனா பட்டா இப்டி ஆவுமாம். நெட்டுல போட்டுகீறான்."

நீ குற்றம் சாட்டுகிற குரலில் கேட்கவில்லை. நான் ஆமாம் என்று சொல்லியிருந்தால், "சரி வுடு நைனா, அதான் காரணமா" என்று நிம்மதியாகக்கூடப் போயிருப்பாய். சூசையிடம் காரணத்தைச் சொல்லி வேறு முப்பது செய்து கொடுத்திருக்கலாம். அதெல்லாம் எனக்கு இப்போது தெரிகிறது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், முப்பத்திரண்டு வருட டர்னர் தன் மகன் சுவரில் ஒட்டிய தாளைப் படித்தும் கேட்காமல் வேலையைக் கெடுத்தான் என்று ஆகிவிடும், அவ்வளவுதான்.

"பின்ன? சாராயத்துலயா கழுவுவாங்க?" என்றேன்.

இதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. பேப்பரை மடித்து வைத்துவிட்டு, அனுபவஸ்தன் மாதிரி குரலை இறக்கிச் சொன்னேன்: "டூலு மழுங்கி இருக்கும்டா. சூடு ஏறிகீது உள்ள. நீ கவனிச்சிருக்க மாட்ட. இதெல்லாம் கை பழகணும், எல்லாருக்கும் வராது." நீ கேட்டுக்கொண்டு நின்றாய். நான் பொய் சொல்லக்கூடும் என்று உனக்குத் தோன்றவே இல்லை. உன் முகத்தில் இருந்ததை நான் பார்த்தேன், பார்த்துவிட்டு மறுபடி பேப்பரை விரித்தேன்.

இது முதல் தடவையும் இல்லை. நீ பத்தாவது படிக்கும்போது உன் சைக்கிள் பிரேக்கை நான்தான் கழற்றிப் பூட்டினேன். நம் ஊர் மலையைச் சுற்றிப் போகிற ரோட்டு இறக்கத்தில் விழுந்து முழங்கை கிழிந்து வந்தாய். பார்த்தால் நட்டு நான் முறுக்காமல் விட்டது. உனக்கு ஓட்டத் தெரியவில்லை என்று திட்டி, அம்மா மஞ்சள் வைக்கும்போதே இன்னும் இரண்டு வார்த்தை சேர்த்துத் திட்டிவிட்டு, பின்னால் போய் யாரும் பார்க்காமல் நட்டை முறுக்கினேன். முழங்கை ஆறிவிட்டது, நான் அதை மறந்தும்விட்டேன். இது ஆறவில்லை.

இன்னும் ஒன்று சொல்லாமல் இருக்கிறேன், அதுதான் இருப்பதிலேயே மோசம். நீ என்னிடம் கேட்டுவிட்டுப் போன மறுநாள் கொட்டகைக் குப்பையிலிருந்து ஒரு வெட்டுத் துண்டை எடுத்தேன். நீ கடைந்து தள்ளியது. அதைத் தின்னரில் துடைத்து, பரணில் பழைய பெயிண்ட் டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். நாலாம் நாள் எடுத்துப் பார்த்தேன். அதே கோடு. ஆக எனக்குச் சந்தேகம் தீர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு நீ இரண்டு மாதம் அந்த லேத்தோடு போராடினாய். வேகத்தைக் குறைத்தாய், டூல் கோணத்தை மாற்றினாய், தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கடைந்து பார்த்தாய். செய்தது எல்லாமே நன்றாக வந்தது, வராமல் எப்படி இருக்கும். ஆனால் உனக்கு நம்பிக்கை இல்லை. வெடிப்பு பிறகு வரும், மூன்று வாரம் கழித்து வரும் என்று எதையும் யாருக்கும் கொடுக்காமல் வைத்து வைத்துப் பார்த்தாய். மூன்று வாரம் தாண்டியும் வெடிக்காதபோது, காரணம் தெரியாததால் இன்னும் நாளாகி வெடிக்கும் என்றாய். பழையவற்றில், முப்பதுக்கு முன்னால் மாதிரிக்கென்று செய்து நீயே கழுவி வைத்துக்கொண்ட ஒன்று மட்டும் வெடிக்காமல் இருந்தது. "இது மட்டும் எப்டி நைனா நல்லாகீது?" என்று என்னிடம் கொண்டுவந்து காட்டினாய். உண்மை உன் கையிலேயே இருந்தது. "எதுனா ஒண்ணு அப்டி அமையும்டா" என்றேன்.

அந்த ஒன்றில்தான் நீ இன்றைக்கும் சவரம் செய்கிறாய். காலையில் பின்பக்கக் கண்ணாடி முன்னால் நீ நிற்கும்போது நான் அந்தப் பக்கம் வருவதில்லை, கவனித்திருக்கிறாயா தெரியவில்லை.

கடைசியில் லேத்தை விற்கிறேன் என்றாய். செய்யூர் பக்கம் கட்டில் கால் கடைகிற ஒருத்தர் வந்து பார்த்துவிட்டு எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். குட்டியானை வண்டி வாசலில் வந்து நின்றது. ஒரு பக்கம் நீயும் மறு பக்கம் நானும் பிடித்துத்தான் அதை ஏற்றினோம். அந்த இரண்டு நிமிடமும் உன் முகம் என் முகத்துக்கு நேராக இருந்தது. வாயைத் திறந்திருந்தால் லேத் மறுபடி உள்ளே போயிருக்கும். நான் திறந்தேன், திறந்து வண்டிக்காரனைத் திட்டினேன், கயிறு சரியாகக் கட்டவில்லை என்று. வண்டி தெருமுனை திரும்பியதும் நீ கொட்டகையைப் பெருக்கினாய். சுவரிலிருந்த தாளையும் கிழித்துக் குப்பையில் போட்டாய். அன்றைக்கு நான் சாப்பிட்டேன், நன்றாகத் தூங்கினேன். அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

அத்தை வந்து போன மறுநாள் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கண் டாக்டரைப் பார்க்கப் போகிறேன் என்று உங்களிடம் சொல்லிவிட்டு மாமல்லபுரம் போய், பஸ் மாறி கோவளத்துக்குப் போனேன். சூசை கடற்கரைப் பக்கம் கூரைக்குக் கீழே ஒரு பலகையைக் கவிழ்த்துப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தான். உடம்பெல்லாம் வெள்ளைத் தூள். என்னைப் பார்த்ததும், "வா அண்ணாத்த, பையன் எப்டி கீறான்?" என்றான், கேட்கிற மரியாதைக்குக் கேட்டான். நான் நின்றுகொண்டே சொன்னேன். அந்த முப்பதையும் தின்னர் போட்டுத் துடைத்தது நான், பையனுக்குத் தெரியாது, இன்றுவரை தெரியாது. தேய்ப்பதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தான்.

"தின்னரா? அக்ரிலிக் மேலயா? நீ லேத்துக்காரன்தான அண்ணாத்த?"

"இரும்பு லேத்துக்காரன்."

"நான் அந்தப் பையனப் பாத்தா மூஞ்சத் திருப்பிகினு போய்க்கினு இருந்தேன். வெள்ளக்காரன் என்னாண்டதான் கத்துனான். இவன் சரக்க நம்பி மானம் போச்சேன்னு எனக்குக் கடுப்பு. மாமல்லபுரம் பஸ் ஸ்டாண்டாண்ட ஒரு நாளு அவனே வந்து பேசுனான், நான் பேசல." கையிலிருந்த தூளைத் தட்டினான். "இத்த எங்கிட்ட வந்து சொல்லி இன்னா பண்றது? அவங்கிட்ட சொன்னியா?"

இல்லை என்றேன்.

"அப்ப இன்னாத்துக்கு இங்க வந்த? மொதல்ல அங்க போய் சொல்லு" என்று சொல்லிவிட்டு மறுபடி பலகையைத் தேய்க்க ஆரம்பித்தான். உட்காரச் சொல்லவில்லை, டீ சொல்லவில்லை. அவன் செய்தது சரி. உன் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லாமல், அதில் பாதியையாவது வேறு எங்கேயாவது இறக்கி வைக்கலாம் என்று பஸ் ஏறியவன்தானே நான். சூசை உன்னிடம் பேசவில்லை என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். நீ அதை வீட்டில் சொன்னதில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் அதைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். பஸ் ஸ்டாண்டில் நீ போய்ப் பேச, அவன் முகத்தைத் திருப்ப, நீ என்ன செய்திருப்பாய், எந்தப் பக்கம் நடந்திருப்பாய் என்று.

வெளிநாடு போகிற பிள்ளைக்கு அப்பன் புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். எனக்குச் சொல்ல என்ன யோக்கியதை இருக்கிறது. இருந்தாலும் இந்தத் தப்பைச் செய்தவன் என்கிற முறையில் இரண்டு விஷயம் எனக்குத் தெரியும். அங்கே யாராவது மூத்தவன், நான் இதில் முப்பது வருடம் பழம் தின்று கொட்டை போட்டவன் என்று சொல்லிக்கொண்டு உன் வேலையில் குறை கண்டுபிடித்தால், உடனே தலையை ஆட்டாதே. அவன் கையில் என்ன டப்பா இருந்தது என்று முதலில் பார். நீ என்னைப் பார்க்கவில்லை, மரியாதைக்காக. அந்த மரியாதைதான் உன்னைக் கெடுத்தது, அது நீ எனக்குக் காட்டிய மரியாதை என்பதால் சொல்லும் உரிமை எனக்கு உண்டு. இன்னொன்று, உன்னால் ஒன்று கெட்டால் அன்றைக்கே சொல்லிவிடு. முதல் நாளில் அது வெறும் தப்பு. ஒரு வாரம் கழித்துச் சொன்னால், ஏன் ஒரு வாரம் சொல்லவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கும். எனக்கு இரண்டு வருடத்துக்கும் சேர்த்துச் சொல்ல வேண்டியதாகிவிட்டது, அதனால்தான் இவ்வளவு பக்கம்.

போகாதே என்று நான் சொல்லவில்லை. லேத்தைத் திரும்ப வாங்கித் தருகிறேன் என்று பெரிய மனுஷன் வேஷமும் போடவில்லை. போவதும் இருப்பதும் உன் இஷ்டம். ஆனால் கை வராதவன் என்று நினைத்துக்கொண்டு போகாதே. எனக்குக் கை வரும், ஆனால் வேண்டாம் என்று விட்டுப் போகிறேன் என்றால் போ. அந்த இரண்டுக்கும் நடுவில்தான் நான் உன்னுடைய இரண்டு வருடத்தைத் தின்றுவிட்டேன்.

இந்தக் கடிதத்தை முதலில் உன் பெட்டியில் சட்டைகளுக்கு அடியில் வைத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். அங்கே போய்ப் பிரித்துப் படிப்பாய், படித்துவிட்டுப் போனில் இரண்டு வார்த்தை திட்டுவாய், அல்லது திட்ட மனம் வராமல் விட்டுவிடுவாய், நான் இங்கே பத்திரமாக இருப்பேன். வைக்கப் போகும்போது உன் அம்மா பார்த்துவிட்டாள். என்ன என்று கேட்டாள். அவளிடமும் இதுவரை சொன்னதில்லை. சமையல்கட்டில் நின்றபடி எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அடுப்பை அணைத்தாள். "அன்னிக்குத் துண்டுல வாட அடிச்சிது" என்றாள். அப்புறம், "ப்ளேன் ஏறுனப்புறம் அவனுக்குத் தெரியணும்னு பாக்கறியா? அவன் எதுர்ல இல்லாதப்ப சொல்றதுக்கு நீ சொல்லாமலே இருந்துருக்கலாம்யா" என்றாள். என்னோடு முப்பது வருடம் குடித்தனம் செய்தவள், என் கோபத்துக்குப் பயந்து பாதி விஷயத்தைப் பேசாமல் விட்டவள். இதை மட்டும் என் முகத்துக்கு நேராகச் சொன்னாள்.

அதனால் பெட்டியில் வைக்காமல் உன் கையிலேயே கொடுக்கிறேன். நீ கிளம்ப இன்னும் மூன்று நாள் இருக்கிறது, நிதானமாகவே படி. நான் வெளியே வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன். பேப்பர் எடுத்துப் போகவில்லை. படித்து முடித்ததும் வா. என்ன கேட்க வேண்டுமோ கேள், எப்படித் திட்ட வேண்டுமோ திட்டு, தெருவில் நாலு பேர் பார்த்தாலும் பரவாயில்லை. நான் எழுந்து டீக்கடைக்குப் போக மாட்டேன். உன் அம்மா நடுவில் வந்து சமாதானம் செய்யப் பார்ப்பாள்; வர வேண்டாம் என்று அவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

நைனா